ஓட்டிப் பார்த்த பிறகு கூலி

காரை ஒர்க் ஷாப்பில் விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எப்போதுமே ஆச்சரியமாக இருக்கும். வண்டிக்கு அடியில் படுத்திருப்பவன் எதைக் கழற்றினான், எதை மாட்டினான் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவன் ஒரு தொகை சொல்வான். இவர்கள் கொஞ்சம் குறைத்துக் கேட்பார்கள். அவனும் கொஞ்சம் குறைப்பான். இரண்டு பேரும் ஜெயித்துவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டே பிரிவார்கள். இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டது இதை அல்ல என்று தெரியும், இன்ஸ்பெக்டர் அய்யா. ஆனால் இங்கிருந்து ஆரம்பித்தால்தான் மற்றது விளங்கும். ஏட்டய்யா நிதானமாக எழுதட்டும். எனக்கு அவசரம் இல்லை.

என் பெயர் பூவனநாதன். கோவில்பட்டியில் எனக்கு ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிறது. நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் என்பதால் சொல்கிறேன், இங்கே தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். என்னிடம் வேலை பார்க்கிற பெண்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் ஒரு வாரமும் தவறியது கிடையாது. விசாரித்துக்கொள்ளலாம். அவர்கள் குச்சி அடுக்கிய கட்டைகளை நானே எண்ணிப் பார்த்த பிறகுதான் சம்பளம் கொடுப்பேன். அதையும் விசாரித்துக்கொள்ளலாம். மனைவி காலமாகி வெகுகாலம் ஆகிறது. ஒரே மகள், வேலுத்தாய். பி.ஏ. படித்தவள். அவளைத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியதிலிருந்து எல்லாம் நானே செய்தேன். எனக்கு நன்றாகப் பின்னல் போட வரும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் மதுரையில் ஒரு ஒர்க் ஷாப்பில் என் அம்பாசிடரை விட்டேன். ஏதோ சின்ன வேலை. நான் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினேன். வண்டி பளபளவென்று துடைத்து நின்றது. ஊருக்கு வந்து பார்த்தால், நான் புதிதாகப் போட்டிருந்த டைனமோ இல்லை. அந்த இடத்தில் பெயின்ட் அடித்த ஒரு பழைய டைனமோ உட்கார்ந்திருந்தது. அவர்களிடம் கேட்கத் திரும்பிப் போனேன். முதலாளி எனக்கு மோர் கொடுத்து உபசரித்தார். என் சாமான் என்பதற்கு என்ன அடையாளம் என்று மட்டும் கேட்டார். என்னிடம் அடையாளம் இல்லை. அன்றிலிருந்து என் வண்டியில் உள்ள ஒவ்வொரு சாமானிலும் அரத்தால் ஒரு சின்னக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதோடு, வண்டியை எங்கே விட்டாலும் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வேன். வேலை முடிகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்.

சாமித்துரையின் ஷெட்டுக்கு நான் வந்தது அப்படித்தான். பக்கத்தூர்க் கடம்பூர்க்காரன். சம்சாரி வீட்டுப் பிள்ளை, எங்கள் பக்கம் விவசாயியைச் சம்சாரி என்போம். கரிசலில் பருத்தி போட்டு மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல் மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டு வந்தவன். தகப்பன் கிடையாது. பாலம்மாள் என்று ஒரு தாய், ஊரில் ஆடு வைத்துப் பிழைக்கிறாள். பையன் தெளிவாகப் பேசுவான். அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. வேலைக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டான். வேலையை முடித்து, வண்டியைத் தானே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் கூலி சொல்வான்.

"ஓட்டிப் பாக்காம ரூபா சொல்லுததில்ல அண்ணாச்சி. வேல சரியா இல்லைன்னா எதுக்குக் கூலி? தார் ரோட்டுல ஓட்டுனா ஒன்னும் தெரியாது. கடம்பூர்ப் பாதையில பள்ளத்துல எறக்குனாத்தான் எங்கன லொடலொடங்குதுன்னு கேக்கும்" என்றான்.

ஓடைப் பாலம் வரை போய்த் திரும்புவான். நானும் கூடப் போவேன். பெட்ரோல் என்னுடையது அல்லவா?

என் பெண் அந்த ஷெட்டுக்கு வந்ததற்குக் காரணமும் நான்தான். நான் எழுந்திருக்க மாட்டேன் என்பதால் மத்தியானம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவருவாள். நான் சந்தேகப்பட்டு அங்கே உட்காராமல் இருந்திருந்தால் அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் கிடையாது. வேறு யாராவது இதைச் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். ஒருநாள் அவள் அவனைப் பார்த்து, எங்க அப்பா இங்கன உட்கார்ந்திருக்கிறது உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா என்று கேட்டாள். அவன் வண்டிக்கு அடியிலிருந்தபடியே பதில் சொன்னான்.

"என்ன கஷ்டம்? எனக்குக் காவக்காரன் செலவு மிச்சம்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

போன ஆவணியில் ஒருநாள் சாப்பாடு வைத்துக்கொண்டிருக்கும்போது, ஒன்று கேட்டால் கோபப்படக் கூடாது என்று ஆரம்பித்தாள். நான் ரசத்தை ஊற்றச் சொன்னேன். ஊற்றிக்கொண்டே, ஒருவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னாள். யார் என்று நான் கேட்கவில்லை. தூக்குச்சட்டி போன வழியெல்லாம் எனக்குத் தெரியும்.

இங்கே நீங்கள் ஒரு தப்பான முடிவுக்கு வரக் கூடாது. அவன் வேறு ஆட்கள், நாங்கள் வேறு ஆட்கள் என்பதால் நான் மறுத்தேன் என்று ஊரில் யாராவது சொல்வார்கள். நான் மறுக்கவே இல்லை. என் சொந்தக்காரர்கள் மூன்று வீட்டுப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்து பேசினார்கள். அவர்களிடமும் நான் சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எண்ணெய்க் கையோடு வருகிறவன் என்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தேன். என் பெண்ணைக் கட்டுகிறவன் நேர்மையானவனாக இருக்க வேண்டும். ஒரு தகப்பன் இதற்குக் குறைத்துக் கேட்க முடியுமா?

வேலுத்தாய்க்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அவ்வளவுதானாப்பா? நீங்க எப்படி வேணும்னாலும் சோதிச்சுப் பாருங்க. அவிய தேறிருவாவ" என்றாள்.

இது அவள் வாயால் சொன்னது. ஏட்டய்யா இதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலில் சின்னதாக ஒன்று செய்தேன். இன்ஜினுக்கு மேலே கரண்ட் போகிற ஒரு ஒயரைப் பாதி கழற்றிவிட்டு, வண்டி விக்குகிறது என்று கொண்டுபோனேன். திருட்டுப் புத்தி உள்ளவனாக இருந்தால் அதைப் பார்த்ததும் காயில் போய்விட்டது, பிளக் போய்விட்டது என்று ஒரு பட்டியல் போடுவான். சாமித்துரை பானெட்டைத் திறந்தான், குனிந்தான், நிமிர்ந்தான்.

"ஒயர் கழண்டிருந்துச்சு. மாட்டிட்டேன்."

எவ்வளவு என்று கேட்டேன். "ஒயரை மாட்டுனதுக்கா? ஒரு டீ சொல்லுங்க, போதும்" என்றான்.

டீ சொன்னேன். அன்று இரவு யோசித்துப் பார்த்தபோது, பெரிய மீனுக்காகச் சின்ன மீனை விட்டுவிடுகிறவர்கள் உண்டு என்று தோன்றியது.

அடுத்து, நன்றாக இருந்த கிளட்ச் பிளேட்டை மாற்றச் சொன்னேன். அவன் கழற்றி எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, என் கையில் கொடுத்தான். இது இன்னும் ஒரு வருஷம் ஓடும், திருப்பியே மாட்டிவிடுகிறேன், கழற்றி மாட்டிய கூலி மட்டும் கொடுங்கள் என்றான். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து அவன் சொன்ன கூலி, நான் நாலு இடத்தில் விசாரித்து வைத்திருந்ததைவிடக் குறைவு. நியாயமான கூலி என்றால் அது சரியாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் அங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. அவன் என்னிடம் குறைத்து வாங்கியது எதை நினைத்து என்று எனக்குத் தெரியாதா?

அதனால் மூன்றாவதாக, ஸ்பேர் பார்ட்ஸ் கடை அய்யாத்துரையை அவனிடம் அனுப்பினேன். அய்யாத்துரை எனக்கு வேண்டியவன். முதலாளி வண்டிக்கு இன்ஜின் வேலை இருக்கிறது என்று சொல்லு, நான் பில் போட்டுத் தருகிறேன், ஆளுக்குப் பாதி என்று அய்யாத்துரை அவனிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னான். சாமித்துரை அவனுக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டானாம். அய்யாத்துரை திரும்பி வந்து, "அந்தப் பயலைக் கெடுக்க ஆகாது அண்ணாச்சி, என்னை விட்டுருங்க" என்றான்.

நான் ஒரு வாரம் காத்திருந்தேன். அய்யாத்துரை இப்படிக் கேட்டான் என்று சாமித்துரை என்னிடம் வந்து சொல்லவில்லை. எனக்கு ஒருவன் துரோகம் செய்யப் பார்க்கிறான், அது இவனுக்குத் தெரிகிறது, மறைக்கிறான். நானே ஜாடையாகக் கேட்டபோது, "அவிய பொழப்பைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்" என்றான். இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேலுத்தாயிடம், பரவாயில்லை, அவன் தாயை வரச் சொல் என்றேன். நான் பிடிவாதக்காரன் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பாலம்மாள் கார்த்திகை கடைசியில் வந்தாள். கடம்பூர்ப் போளி ஒரு பெரிய பொட்டலம் கொண்டுவந்தாள். நெய் மணத்தில் வீடே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பல வருஷம் கழித்து என் வீட்டு அடுப்படியில் பெண்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. தையில் பூ வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. நான் முற்றத்தில் ஈஸிசேரில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

சாமித்துரை தன் தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஒயரைக் கழத்துனது மாமாதான்னு அன்னைக்கே தெரியும்மா. ஒயர்ல செகப்பு மருந்து பதிஞ்சிருந்துச்சு. தீக்குச்சி மருந்து. பின்னே பேயா வந்து கழத்தும்?"

பாலம்மாள், "ஏலே, பெரியவிய காதுல விழப்போவுது" என்று அடக்கினாள். என் மகள் சிரித்துச் சிரித்து இருமினாள். அய்யாத்துரையை அனுப்பியது நான்தான் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கிளட்ச் பிளேட்டும் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது என்று இரண்டு பேரும் பேசிச் சிரித்திருக்கிறார்கள்.

போகும்போது அவன் என்னிடம் வந்து, தனியாக, மரியாதையாகத்தான் சொன்னான். "மாமா, இன்னமும் சோதிக்கணும்னா சோதிச்சுக்கிடுங்க, எனக்கு ஒன்னுமில்ல. ஒயரைத் தொடுறதுக்கு முன்னாடி மட்டும் பேட்டரியைக் கழத்திருங்க. கையச் சுட்டுரும்."

அக்கறையோடுதான் சொன்னான். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் நீங்களே சொல்லுங்கள். கேள்வித்தாளைத் தெரிந்துகொண்டு எழுதுகிற பரீட்சைக்கு மார்க் போடலாமா? அவன் தேறிவிட்டான் என்று நான் எதை வைத்துச் சொல்வது? அவன் முடித்துக் கொடுத்த ஒவ்வொரு வேலையும் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தே செய்தது. எல்லாம் அழிந்து, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது. தை பிறக்க அதிக நாள் இல்லை. பெண்ணின் வாழ்க்கை.

இனி வைக்கிற சோதனை அவனுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். வண்டியில் கோளாறை வைத்துக் கொண்டுபோனால் கண்டுபிடித்துவிடுவான், கெட்டிக்காரன். அப்படியானால் அவன் வேலையை முடித்த பிறகு வைக்க வேண்டும். இது யோசித்து வந்த முடிவு. ஆத்திரத்தில் வந்தது அல்ல.

மார்கழியில் வண்டியைக் கொண்டுபோனேன். கல்யாணக் காரியமாக அலைய வேண்டியிருக்கிறது, ஸ்டியரிங் கொஞ்சம் ஆடுகிறது என்றேன். உண்மையிலேயே ஆடியது. அவன் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, முன் சக்கரத்தைத் திருப்புகிற கம்பியின் மூட்டு தேய்ந்திருக்கிறது என்று காட்டினான். புதிது வாங்கி வந்து போட்டான். அந்த மூட்டை ஒரு நட்டு பிடித்திருக்கும். நட்டு கழன்றுவிடாமல் அதன் குறுக்கே ஒரு சின்னக் கம்பியைச் செருகி, இரண்டு காலையும் மடக்கிவிடுவார்கள். ஸ்பிலிட் பின் என்பார்கள். அதையும் புதிதாகவே போட்டான். மடக்கிவிட்டு, என்னைக் கூப்பிட்டுக் குனியச் சொல்லிக் காட்டினான். நன்றாக இருந்தது. இதையும் தெளிவாக எழுத வேண்டும்: அவன் பின் போட்டிருந்தான்.

பிறகு கை கழுவ ஷெட்டுக்குப் பின்னால் தொட்டிக்குப் போனான். சோப்புத்தூளும் மண்ணெண்ணெயும் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவுகிற பழக்கம் அவனுக்கு. ஓட்டிப் பார்க்கப் போகும்போது முதலாளியின் சீட்டில் அழுக்குப் படக் கூடாது என்பான்.

எனக்கு லாரி வேலை தெரியும். என் இளவயதில் தீப்பெட்டிக் கட்டு ஏற்றுகிற பழைய லாரி ஒன்றை நானே பழுது பார்த்து ஓட்டியிருக்கிறேன். அவன் ஸ்பானரும் குறடும் அங்கேயே கிடந்தன. பின்னை உருவி எடுத்தேன். நட்டைப் பாதிக்கு மேல் தளர்த்தினேன். முழுக்கக் கழற்றவில்லை. விரலால் கொஞ்சம் கிரீஸ் எடுத்து மேலே பூசினேன். எழுந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். வேட்டியில் கறை படவில்லை. அந்த மூட்டு கூம்பாக உட்கார்ந்திருக்கும் என்பதால் நட்டு இல்லாமலும் கொஞ்ச தூரம் தாங்கும். எவ்வளவு தூரம் என்பது ரோட்டைப் பொறுத்தது.

அவன் எப்போதும் புறப்படுமுன் இன்னொரு தடவை குனிந்து பார்ப்பான். அன்றும் ஒரு காலை மடக்கிக் குனியப் போனான்.

"வாங்க மாமா, போயிட்டு வந்துருவோம்" என்று என்னையும் கூப்பிட்டான்.

"நீ போயிட்டு வா, மாப்பிள்ளை. இனிமே நான் எதுக்குக் கூட வரணும்? எனக்கு உன் மேல நம்பிக்கை வந்துருச்சு" என்றேன்.

அவனை மாப்பிள்ளை என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் அப்படியே நிமிர்ந்துவிட்டான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். பிறகு நேராகப் போய் வண்டியில் ஏறிவிட்டான், கீழே பார்க்கவில்லை. ஒருவனை நம்புகிறோம் என்று சொன்ன உடனே அவன் தன் வேலையில் கவனத்தை விட்டுவிடுகிறான். ஒர்க் ஷாப்காரர்களைப் பற்றி இத்தனை வருஷமாக நான் சொல்லிவந்தது இதைத்தான். அது என் கண் முன்னால் நடந்தது.

வண்டி ஷெட்டை விட்டு வெளியே திரும்பும்போது வேலுத்தாய் தூக்குச்சட்டியோடு எதிரே வந்தாள். அவன் நிறுத்தி ஏதோ சொன்னான். நான் மாப்பிள்ளை என்று சொன்னதைத்தான் சொல்லியிருப்பான், அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான். அவள் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள்.

நான் ஸ்டூலை விட்டு எழுந்து சத்தமாகக் கூப்பிட்டேன். "ஏட்டி, எறங்கு. கழுத்துல தாலி ஏறுறதுக்கு முன்னால என்ன சவாரி? சோறு ஆறுது, இங்கன வா."

அவள் வெட்கப்பட்டு இறங்கிவிட்டாள். அவன் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தபடியே போனான். நான் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. வேலுத்தாய் என் முதுகுப் பக்கமாக நின்று என் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் நின்று வருஷங்கள் ஆகின்றன.

ஓடைப் பாலத்துக்குச் சற்று முன்னால் ரோடு இறங்கித் திரும்புகிறது. அங்கே வண்டி திரும்பவில்லை. மழை ஓய்ந்து கரிசல் காய்ந்து வெடித்துக் கிடந்த ஓடைக்குள் தலைகீழாகக் கிடந்தது. பருத்தி ஏற்றிவந்த லாரிக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆசுபத்திரி வாசல் வரை உயிர் இருந்தது என்று சொன்னார்கள்.

உங்களுக்கு முன்னால் இங்கே இருந்த இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்தார். பின் இல்லை என்று கண்டுபிடித்தார். தானே செய்த வேலையில் தானே பின் போட மறந்து, அஜாக்கிரதையாக ஓட்டி இறந்தான் என்று எழுதினார். ஊரிலும் அதையே பேசினார்கள். "நல்லவேளை அண்ணாச்சி, நீங்க வண்டியில இல்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த மெக்கானிக்குகளையே நம்ப முடியாது என்றார்கள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பொய் சொல்வது எனக்குப் பழக்கம் இல்லை.

காரியம் முடிந்து பாலம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். வாசல்படிக்குக் கீழேயே நின்றாள். என் பிள்ளை பண்ணின தப்புக்கு உங்க வண்டி போச்சே அய்யா என்று அழுதாள். ஆடுகளில் பாதியை விற்றுவிட்டு வந்திருக்கிறாள். முந்தியில் முடிந்து வைத்திருந்ததை என் காலடியில் வைத்தாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மகன் கடனோடு போகக் கூடாதாம். அவள் மனது சங்கடப்படக் கூடாது என்று முன் கண்ணாடிக்கு மட்டும் எடுத்துக்கொண்டேன். கடையில் விலை கேட்டு, அதே விலைக்குத்தான் எடுத்தேன். மற்றதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வேலுத்தாய் அதைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். பாலம்மாள் தெரு முனை திரும்பியதும் என் முன்னால் வந்து நின்றாள்.

"அவிய பின் போட மறக்க மாட்டாவப்பா" என்றாள்.

நான் கண்ணாடிக்கு எடுத்துக்கொண்ட ரூபாயை இன்னொரு தடவை எண்ணினேன்.

"என்னை மட்டும் ஏன் கூப்பிட்டீங்க?"

கல்யாணத்துக்கு முன்னால் ஒன்றாகப் போனால் ஊர் என்ன பேசும் என்று சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் பின்னல் போட உட்காரும்போது கண்ணாடியில் என்னை அப்படித்தான் பார்ப்பாள். பிறகு ஒரு புடவையை மட்டும் எடுத்துக்கொண்டு பாலம்மாள் போன திசையில் போனாள். இப்போது கடம்பூரில் பாலம்மாள் வீட்டில்தான் இருக்கிறாள். மிச்சமிருக்கிற ஆடுகளைப் பார்த்துக்கொள்கிறாளாம். நான் இரண்டு தடவை ஆள் அனுப்பினேன். கதவைத் திறக்கவில்லை.

நீங்கள் நேற்று புதிதாகப் பொறுப்பு எடுத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் இன்று நானாகவே வந்தேன். யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. செய்யாத தப்பு ஒருவன் பேரில் எழுதப்பட்டிருக்கிறது. அது திருத்தப்பட வேண்டும். டைனமோ விஷயத்தில் என்னிடம் அடையாளம் இல்லை. இதில் இருக்கிறது. இந்தாருங்கள், இந்தக் காகிதப் பொட்டலத்தில் அந்தப் பின் இருக்கிறது. பிரித்துப் பாருங்கள், இரண்டு காலும் மடக்கி நிமிர்த்திய தடம் இருக்கும்.

கொல்ல வேண்டும் என்று நினைத்தாயா என்று கேட்டீர்கள். இல்லை. அவன் அயோக்கியனாக இருந்தால் அவனுக்கு ஒரு ஆபத்தும் வராத மாதிரிதான் நான் வைத்தேன். நான் கூட வரவில்லை என்றால் அயோக்கியன் ஓட்டிப் பார்க்க மாட்டான். கையை நீட்டிக் கூலியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அன்று சாயங்காலம் நான் மெதுவாக வீட்டு வாசல் வரை உருட்டிக்கொண்டு போய், பின்னை மாட்டிவிட்டு, பெண்ணிடம் இவன் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அதோடு முடிந்திருக்கும். எவ்வளவு யோசித்து வைத்தேன் என்று உங்களுக்கே தெரியும்.

நேர்மையானவனாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா என்று கேட்கிறீர்கள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்றே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு உபகாரம் மட்டும் செய்ய வேண்டும். கடம்பூருக்கு ஆள் அனுப்பி வேலுத்தாயிடம் விசாரிப்பீர்கள் அல்லவா? நான் போனால் திறக்க மாட்டாள், போலீஸ் என்றால் திறப்பாள். அப்பா தீர விசாரித்துவிட்டார் என்று அவளிடம் சொல்லச் சொல்லுங்கள். பையன் மேல் ஒரு குறையும் இல்லை. எனக்கு இந்தச் சம்பந்தத்தில் பூரண சம்மதம்.